ஆர்ட்லோ ஒரு கட்டா, இரண்டு கட்டா

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நான் பெற்றது மூன்று. என் நாத்தனார் கண் மூடியபோது அவள் மடியிலிருந்து என் மடிக்கு வந்தது இரண்டு. அறுபதாம் வயதில் விமானம் ஏறி இந்த நியூஜெர்சிக்கு வந்து வளர்த்தது என் பேத்தி கவிதாவை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் தமிழ்ச் சங்கத்து மலரில் ஓய்வு பெற்றவர்கள் தங்கள் உத்தியோக அனுபவத்தை எழுதுவது வழக்கம். போன வருடம் ஒரு டாக்டர் எழுதினார், ஒரு பாங்கு மேனேஜர் எழுதினார். இந்த வருடத்துக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். என் மருமகள் மாலதியிடம், "உங்க அப்பா ரெயில்வேல இருந்தாருல்ல, அவர ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன்.

"நான் எழுதலாமுங்களா?" என்றேன்.

"ஆன்ட்டி, நீங்க வொர்க் பண்ணீங்களா?"

"பத்தொம்பது வருசம் திருப்பூர்ல. ஆறு வருசம் இங்க, இதே தெருவுல."

"இங்கயா? என்ன ஆன்ட்டி பண்ணீங்க?"

"சரித்திரம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். சிரித்த வாயை மூடுவதற்குள் நான் பாதி சொல்லிவிட்டேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று மலரில் ஓர் இடம் வாங்கிக்கொண்டேன்.

திருப்பூர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லதை ஒரே அளவாக, ஒரே வெள்ளையாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். வெள்ளை என்பது ஒன்று இல்லை. சலவைக்குச் சலவை மாறும். இரண்டு வெள்ளையை ஒரு கட்டில் கலந்து கட்டினால் கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். பத்தொன்பது வருடத்தில் நான் கட்டிய கட்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இங்கே வந்து நான்கு வருடத்தில் கவிதா முழுநேரப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். மகனும் மருமகளும் காலையில் ஆளுக்கு ஒரு காரில் போய்விடுவார்கள். எங்கள் ஊர் பார்சிப்பனியில் பகல் பத்து மணிக்கு ஒரு தெருவில் எத்தனை மனிதர்கள் இருப்பார்கள் தெரியுமா? நான் இருப்பேன். ஐந்து வீடு தள்ளி டோலன் என்று ஒரு பெரியவர் இருப்பார். சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எண்பதை நெருங்கியவர். கண்ணின் நடுவில் புகை மூடியது மாதிரி பார்வை போய்க்கொண்டிருந்தது. அவருடைய தங்கை பெக் அம்மாள் வேறு ஊரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வந்து சூப் வைத்துவிட்டுப் போவார். நான் சேலையும் ஸ்வெட்டரும் ரன்னிங் ஷூவுமாக நடப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் பெக் அம்மாள் என்னை வழி மறித்தார். மதியத்தில் அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்து வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கையாலும் வாயாலும் கேட்டார்.

என் மகனுக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க? எஞ்சினியர் அம்மா வீட்டு வேலைக்குப் போறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"எஞ்சினியரப் படிக்க வெச்சதே வேலைக்குப் போன காசுதான் சாமி" என்றேன். கிரீன் கார்டும் வந்திருந்தது.

முதல் நாள் பெரியவர் என் பெயரைக் கேட்டார். ருக்மணி என்றேன். அவர்கள் நாட்டில் வயதானவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை இல்லையாம். வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது என் வீட்டுக்காரர் பெயர். அதை நான் எப்படிச் சொல்வேன்? பாஸ்போர்ட்டையே கொண்டுபோய் நீட்டினேன். பெரிய லென்ஸை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "குட் மார்னிங், மிஸஸ் சின்னசாமி" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியும் நான் சொல்லாத பெயரை அந்த மனிதர் ஆறு வருடம் தினமும் காலையில் சொன்னார். போகப் போக அது எனக்கு வேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காதுக்கு ஏதோ குறைந்தது மாதிரி இருக்கும்.

சமையல் வேலை மூன்று வாரம்தான் செய்தேன். ஒரு நாள் அவர் மேஜையிலிருந்த ஷூ பெட்டி ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. உள்ளே செருப்பு இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு அட்டைகள், நூற்றுக்கணக்கில், வெள்ளை, நீலம், மஞ்சள் என்று தரையெல்லாம் சிதறிவிட்டன. அவர் முட்டி போட்டுத் தடவித் தடவி எடுத்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் தெரிகிற காலத்தில் முப்பது வருடமாக எழுதிச் சேர்த்த அட்டைகள் அவை.

நான் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் வடிவம் தெரியும். மேலே இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் ஒரு வருடம். நம்பர் நம் ஊரிலும் அதே நம்பர்தானே. இந்தப் பெயரின் முதல் எழுத்து கூடாரம் மாதிரி, இது இரண்டு அடுக்குத் தூக்குச்சட்டி மாதிரி, இது கொடிக்கம்பம். ஒரே வடிவம் ஒரே கட்டு, அதற்குள் வருட வரிசை. மூன்றரை மணிக்குக் கவிதாவின் பஸ் வருவதற்குள் முடித்துவிட்டேன். அவர் லென்ஸை வைத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து அட்டை உருவிப் பார்த்தார். பத்தும் சரி.

"மிஸஸ் சின்னசாமி, நாளையிலிருந்து அடுப்பப் பெக் பார்த்துக்கட்டும்" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ். எனக்கு விளங்கிய மாதிரி, நம் பேச்சில் சொல்கிறேன்.

அப்படித்தான் நான் சரித்திர வேலைக்குப் போனேன்.

அந்த அட்டைகளில் இருந்தது அயர்லாந்தில் கில்டோரன் என்ற ஒரு சின்ன ஊரின் கதை. ஒரு தெரு, ஒரு சர்ச்சு, ஒரு சந்தைக் கல், அவ்வளவுதான் ஊர். ஆனால் நானூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு ராஜா பட்டயம் எழுதிக் கொடுத்ததால், அந்த ஊர் டப்ளின் பார்லிமெண்டுக்கு எப்போதும் இரண்டு பேரை அனுப்பும். நான் அவர்களை மெம்பர் என்றுதான் சொல்வேன், நம் ஊர்ப் பஞ்சாயத்து மெம்பர் மாதிரி.

"ஊர்ல எத்தன ஓட்டு?" என்று கேட்டேன்.

"பதிமூணு."

"பதிமூணாயிரமா?"

"பதிமூணு பேர். அந்தப் பதிமூணு பேரையும் நியமிக்கிறது அந்த ஊர்ப் பிரபு. பிரபு யாரச் சொல்றாரோ அவங்களுக்குத்தான் பதிமூணு பேரும் கை தூக்குவாங்க."

"அப்ப ஓட்டு ஒண்ணுன்னு சொல்லுங்க."

அவர் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். முப்பது வருடமாகத் தான் எழுதத் தேடிய வாக்கியம் அதுதான் என்றார். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது.

அவருடைய முப்பாட்டனார் அந்த ஊரில் செருப்புத் தைத்தவர். கத்தோலிக்கர். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, மெம்பராகவும் முடியாது. "உங்க ஆளுங்க ஒருத்தரும் இதுல இல்லியே, அப்புறம் எதுக்கு இத்தன பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க ஊரு பேரச் சொல்லிக்கிட்டுப் போய் உக்காந்தவங்க யாரு யாருன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

வேலை இப்படி நடக்கும். பத்து மணிக்குப் போவேன். கெட்டியான டீ ஒன்று, அவருக்குப் பிடித்த மாதிரி கறுக்கக் கொதித்தது. பிறகு அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்: "கூடாரம், நீளப் பேரு, நீலம்." நான் எடுத்து அவர் கையில் வைப்பேன். வெள்ளை அட்டை ஆளைப் பற்றியது: பிறப்பு, கல்யாணம், சாவு. நீலம் அவர் மெம்பரானதும் பார்லிமெண்டில் செய்ததும். மஞ்சள் சந்தேகம். அவர் அதை லென்ஸுக்கு அடியில் வைத்துப் படித்து, டேப் ரெக்கார்டரில் இரண்டு வரி பேசுவார். அட்டை இல்லாமல் வரி இல்லை. அதுதான் அவர் சட்டம். "இவர் கோபக்காரர்" என்று சொல்ல வேண்டுமானால்கூட அதற்கு ஓர் அட்டை வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு ரப்பர் பாண்டு. ஒரே குடும்பத்தில் இரண்டு ஆள் இருந்தால் நடுவில் ஒரு வெற்று அட்டை.

மெம்பர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். ஒருவர் பதினெட்டு வருடம் மெம்பராக இருந்து ஊருக்கு ஒரே ஒரு முறை வந்தார். அதுவும் வேறெங்கோ போகிற வழியில் வண்டிச் சக்கரம் உடைந்ததால். சக்கரம் செய்ய மூன்று நாளானது. ஊர்க்காரர்கள் அதை அவர் விஜயம் என்று பேசிக்கொண்டார்கள். இன்னொருவர் ஆற்றுக்குப் பாலம் கேட்டு வாங்கித் தந்தார். எனக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை, அவர் கட்டுக்குப் புது ரப்பர் பாண்டு போடுவேன். ஒரே ஒரு முறை அந்த ஊரில் நிஜமான போட்டி வந்தது. ஆறுக்கு ஆறு என்று நின்றபோது, படுத்த படுக்கையாக இருந்த பதிமூன்றாமவரைக் கட்டிலோடு தூக்கிவந்து ஓட்டுப் போட வைத்தார்கள். "எங்க ஊர்லயும் இப்படித்தான் தூக்கியாருவாங்க" என்றேன். "கட்டிலோடயா?" என்றார். "கட்டில் உங்க ஊர்ல. எங்க ஊர்ல நாற்காலி" என்றேன்.

கடைசி மெம்பர்களில் ஒருவர் ஹென்றி ஆர்ட்லோ. பெரியவருக்கு இவர் மேல் உயிர். இங்கிலாந்துக்காரர்கள் டப்ளின் பார்லிமெண்டையே இழுத்து மூடிவிட்டு லண்டனோடு சேர்க்க நினைத்தார்கள். மூடினால் கில்டோரன் மாதிரியான ஊர்களுக்கு மெம்பரே கிடையாது. பிரபு, மூடலாம் என்று ஓட்டுப் போடச் சொல்லி ஆளனுப்பினார். ஹென்றி ஆர்ட்லோ மாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னார். தன்னை நியமித்தவருக்கு எதிராக. முதல் வருடம் அந்த யோசனை தோற்றுப்போனது. அடுத்த வருடம் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஜெயித்தார்கள். ஊரின் மெம்பர் கதை அத்தோடு முடிந்தது. முடிந்து இருநூறு வருடம் ஆகிற வருடத்தில் புத்தகம் வெளிவர வேண்டும், அதற்குள் தன் கண்ணும் முழுசாகப் போய்விடக் கூடாது. பெரியவருக்கு இருந்த ஆசை இந்த இரண்டும்தான்.

ஐந்தாவது வருடம். லென்ஸ் வைத்தும் தெரியாத நிலை வந்துவிட்டது. தன் கையெழுத்தையே தன்னால் படிக்க முடியாமல், பெக் அம்மாள் வருகிற நாளில் மொத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுகளை வரிசைப்படுத்தி வைப்பது முழுக்க என் பொறுப்பு. கடைசி அத்தியாயத்துக்காக ஆர்ட்லோ பெட்டியைத் திறந்தேன்.

அதில் இரண்டு கட்டு இருந்தது. நடுவில் வெற்று அட்டை. ஆனால் இரண்டு கட்டிலும் பெயர் ஒன்றே, வடிவத்துக்கு வடிவம் அப்படியே. இரண்டு கட்டின் மேலேயும் ஒவ்வொரு பிறப்பு அட்டை. இரண்டிலும் வருடம் வேறே; நடுவில் இருபத்தெட்டு வருட வித்தியாசம்.

நான் யோசித்தேன். அண்ணன் தம்பி என்றால் ஒரே பெயர் இருக்காது. தாத்தா பேரன் என்றால் இருக்கும். ஆனால் அதற்கு இருபத்தெட்டு வருடம் போதாது. அப்பனும் பிள்ளையுமா? பெற்ற பிள்ளைக்கு எவனாவது தன் பெயரையே வைப்பானா? நம் பக்கத்தில் மாமனார் பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டே, பெயர் சொல்லித் திட்ட முடியாமல் மருமகள் அந்தப் பிள்ளையை 'சாமி', 'ராசா' என்று கூப்பிடுகிறாள். புருஷன் பெயரையே பிள்ளைக்கு வைத்தால் பெற்றவள் வாயைத் திறக்க முடியுமா? ஆகவே இது ஒரே ஆள். பெரியவர் கண் மங்கிய காலத்தில் ஒரு பிறப்பு அட்டையைத் தப்பாக எழுதிவிட்டார், கட்டையும் இரண்டாக்கிவிட்டார் என்று தீர்மானித்தேன். வெற்று அட்டையை எடுத்தேன். இரண்டாவது பிறப்பு அட்டையை எல்லாவற்றுக்கும் பின்னால் செருகினேன். ஒரே கட்டாகப் போட்டேன்.

அன்றைக்குப் பெக் அம்மாள் நீல அட்டைகளை வரிசையாகப் படித்தார். முதல் வருடம்: ஹென்றி ஆர்ட்லோ, மாட்டேன். அடுத்த வருடம்: ஹென்றி ஆர்ட்லோ, சரி.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லையே. திரும்பப் படி."

திரும்பவும் அதேதான். அவர் என் பக்கம் திரும்பினார். கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "மிஸஸ் சின்னசாமி, ஆர்ட்லோ ஒரு கட்டா, ரெண்டு கட்டா?"

"ஒரே கட்டுங்க" என்றேன்.

லென்ஸை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்ப இவரும் மாறிட்டாரு" என்றார். "ஒருத்தராவது நின்னாருன்னு நெனச்சிட்டிருந்தேன்." அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் வேறு, "மனுசன்னா மாறத்தான் செய்வான், உடுங்க" என்றேன். அவர் டேப்பில் பேசினார். வாக்குக் கொடுத்து ஒரே வருடத்தில் வாக்கை விற்ற மனிதர் என்று பேசினார். அட்டை இருந்ததல்லவா, அதனால் பேசினார். கடைசி அத்தியாயத்துக்கு, 'திரும்பிய மனிதர்' என்று தலைப்பும் வைத்தார்.

புத்தகம் அச்சானது. போன வருடம் குளிர் ஆரம்பிக்கிற நேரம் பெட்டி பெட்டியாக வந்து அவர் ஹாலில் அடுக்கியாயிற்று. சனிக்கிழமை அயர்லாந்துக்காரர்கள் சங்கத்து ஹாலில் விருந்து வைத்து வெளியீடு. அந்த வாரம் திங்கட்கிழமை எங்கள் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. மாலதி அன்றைக்கு லீவு. ரிப்பேருக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஒருவருக்கு அறுபது இருக்கும், இன்னொருவனுக்கு முப்பது. வேலை முடித்து அவர்கள் போன பிறகு மாலதி அவர்கள் கொடுத்த பில் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத்தே, இவங்க ரெண்டு பேரும் டாமாம். அப்பாவும் டாம், புள்ளையும் டாம்."

"எது? பேரா? ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஆமா அத்தே, இங்க அது சகஜம். அப்பா சீனியர், புள்ள ஜூனியர்."

"அவங்கம்மா சோத்துக்கு டாம்னு கூப்புட்டா யாரு வருவா?"

"பசிச்சவங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் காகிதத்தை மடித்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டைக்கூட மாட்டாமல் ஐந்து வீடு நடந்தேன்.

பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆர்ட்லோ கட்டை எடுத்துக் கடைசி அட்டையை உருவினேன். இரண்டு பிறப்பு. அதற்குப் பிறகுதான் தேடினேன், வெள்ளை அட்டைகளில் சாவுக்கு அவர் போடும் சின்னச் சிலுவைக் குறி. அதுவும் இரண்டு இருந்தது. ஒன்று, முதல் ஓட்டுக்கும் இரண்டாவது ஓட்டுக்கும் நடுவில். மாட்டேன் என்று சொன்ன அப்பன் அந்தச் சொல்லோடு செத்துப்போயிருக்கிறார். பிரபு அந்த இடத்தில் பிள்ளையை உட்கார வைத்துச் சரி என்று சொல்ல வைத்திருக்கிறார். நான் அப்பனுக்குப் பிள்ளையின் பழியைக் கட்டிவிட்டேன். ரப்பர் பாண்டு போட்டு.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்த மனிதருக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அன்றைக்கு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். வேலை போகும், அது போகட்டும். "படிக்காத பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை வரும். அதற்குத்தான் பயந்தேன். பொய் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் போனேன். பெக் அம்மாளும் இருந்தார். டீ கொடுத்தேன். அவர் "குட் மார்னிங், மிஸஸ் சின்னசாமி" என்று முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்: "டோலன் சார், ஆர்ட்லோ டூ மென். ஃபாதர், சன். ஐ மேக் ஒன்."

அவருக்குப் புரியவில்லை. இரண்டு பிறப்பு அட்டையையும் அவருடைய இரண்டு கையில் வைத்து, வருடத்தை வாய்விட்டுப் படித்தேன். பிறகு இரண்டு சாவு அட்டை. வெற்று அட்டையை நான்தான் எடுத்தேன் என்றேன். ஏன் எடுத்தேன் என்பதையும் எங்கள் வழக்கத்தையும் சொன்னேன்.

பெக் அம்மாள்தான் முதலில் அண்ணனைப் பார்த்து வெடித்தார். "ஜெரி, சனிக்கிழமை விருந்து! புத்தகம் எல்லாம் ஹால்ல கெடக்கு! நான் அப்பவே சொன்னேன், படிக்கத் தெரியாதவங்க கையில குடுக்காதேன்னு!"

அந்த வார்த்தை வந்துவிட்டது. நான் தலை குனியவில்லை. ஆனால் காது எரிந்தது.

பெரியவர் இரண்டு அட்டையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. "அப்ப அவர் மாறல" என்றார். "பெக், கேட்டியா? கெழவன் மாறல!"

"நீ இந்த அம்மாவ ஒண்ணும் சொல்லப் போறதில்லையா?"

"எனக்குக் கண்ணு தெரியாது, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு புஸ்தகம் முடிச்சிருக்கோம். நீ என்ன செஞ்சே?"

"நான் சூப் வெச்சேன்!"

"அத நாங்க ஒரு வார்த்தை சொல்லாமக் குடிச்சோமே, பெக்."

பெக் அம்மாள் சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டுவது என்று முடிவாயிற்று. சீட்டில் என்ன போடுவது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. என்னால் வந்த தப்பு என்று என் பெயரைப் போடச் சொன்னேன். முடியாது என்றார்.

"தப்பு என்னுதுங்க. என்ற பேரப் போடுங்க."

"அட்டை உங்களுது. புஸ்தகம் என்னுது. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அதுல இருக்கிற தப்பெல்லாம் என்னுது." அவர் வாத்தியார் குரல் எடுத்தால் மேலே பேச முடியாது. "எனக்கு வாக்குக் குடுங்க, மிஸஸ் சின்னசாமி."

வேறு வழியில்லாமல், அவர் இருக்கிற வரைக்கும் தப்பு என்னுடையது என்று வெளியே சொல்வதில்லை என்று கையடித்துக் கொடுத்தேன். சீட்டு வந்தது. பெக் அம்மாள் எனக்காக நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். கடைசி அத்தியாயத்தில் ஒருவர் என்று எழுதியது ஆசிரியரின் பிழை. தந்தையும் மகனும் இருவர். தந்தை சாகும்வரை சொன்ன சொல்லில் நின்றார். இதைக் கண்டுபிடித்தவர் திருமதி ருக்மணி சின்னசாமி. நான் சண்டைக்குப் போகவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் உட்கார்ந்து அத்தனை புத்தகத்திலும் ஒரு சீட்டுகூடக் கோணாமல் ஒட்டினேன்.

சனிக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பெரியவர் பெக் அம்மாள் தோளைப் பிடித்து மேடையேறி, புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அந்தச் சீட்டைப் பற்றித்தான் சொன்னார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். என் மகன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அத்தோடு முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் மகன் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுவான். "பெரிய ஹிஸ்டரி ப்ரொஃபசர் மிஸ்டேக் பண்ணிட்டாரு, எங்கம்மா கண்டுபிடிச்சாங்க" என்பான். வந்தவர்கள், "பாருங்களேன், படிச்சவருக்குத் தெரியல" என்பார்கள். கவிதா பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் காட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நல்ல மனிதர் செய்யாததை அவர் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எங்கள் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டு.

டோலன் பெரியவர் இந்தப் பங்குனியில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆர்ட்லோ பெட்டியைப் பெக் அம்மாள் எனக்குக் கொடுத்தார். இரண்டு கட்டாகத்தான் வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற வரைக்கும் என்றுதான் அவர் வாக்கு வாங்கினார். ஆகையால் இப்போது சொல்கிறேன். அவர் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே சரியாகத்தான் எழுதி, சரியாகத்தான் பிரித்து வைத்திருந்தார். தப்புச் செய்தது நான். சீட்டு ஒட்டிய புத்தகம் யாரிடமாவது இருந்தால், இந்த மலரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் கண்ணு. இப்ப ஒரு இடத்த மட்டும் திருப்பிப் படி. ஒரு கட்டா, ரெண்டு கட்டான்னு அவர் கேட்டாருல்ல, அதுக்கு நான் சொன்னத என்னன்னு போட்டிருக்கே?

"வெயிட், ஆத்தா... 'தெரியாமல் ஒரே கட்டுங்க என்றேன்.'"

தெரியாமன்னு நான் சொல்லலியே.

"பட் ஆத்தா, யூ டிடின்ட் நோ!"

நம்பரு எனக்குத் தெரியும் கண்ணு. ரெண்டு வருசத்தையும் பார்த்துட்டுத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைய அடிச்சுடு. அடிச்சிட்டியா? இப்ப மொதல்லிருந்து படி, சத்தமா. உங்கப்பனுக்கும் கேக்கட்டும்.